சந்தன மரம் யாருக்குச் சொந்தம்? மைசூர்ச் சந்தனத் தொழிலின் கதை

மைசூர்ச் சந்தனத் தொழில் எப்படி உருவானது, அந்த வட்டாரத்துக்கு அது என்ன செய்தது, ஒரு காலத்தில் காடெல்லாம் இருந்த மரம் இன்று ஏன் கண்ணிலேயே படுவதில்லை என்பது கேள்வி. முதலில் சுருக்கமான பதில். மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசுக்குத்தான் என்ற ஒரே விதியின் மேல் எழும்பிய தொழில் இது. அந்த விதி நூறு வருடத்துக்கு மேல் மரத்தைக் காப்பாற்றியது. அதே விதிதான் பிற்பாடு, சந்தனத்தை நட்டு வளர்க்க ஒரு ஆள்கூட இல்லாமல் செய்தது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

மரத்தின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். சந்தனம் மழைக்காட்டு மரம் இல்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தில், முட்புதரும் மூங்கிலும் மண்டிய இலையுதிர் காட்டில், கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் நன்றாக வரும். இந்தியாவில் இயற்கையாகச் சந்தனம் பரவியிருந்த நிலப்பரப்பு சுமார் 9,600 சதுர கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தில் 5,200க்கு மேல், தமிழ்நாட்டில் சுமார் 3,000. மைசூர்ப் பீடபூமி, குடகு, ஷிமோகா, அப்புறம் நம் பக்கம் சத்தியமங்கலம், சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகள் என்று ஒரே தொடர்ச்சியாகப் பார்க்கலாம். ஆகவே மைசூர்ச் சந்தனம் என்று பெயர் இருந்தாலும் கதையில் பாதி தமிழ்நாட்டிலும் நடந்தது.

இது பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருந்து தன் உணவில் ஒரு பகுதியைத் தானே தயாரித்துக்கொண்டாலும், வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும். தனியாக நட்டால் சவலையாக நின்று காய்ந்துவிடும். பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்றுவிட்டு விதையை வேலியோரத்தில் போட்டுவிட்டுப் போகும். ஆகவே காட்டோடு நிற்காமல் வரப்பிலும் வேலியிலும் பட்டா நிலத்திலும் தானாக வந்து முளைக்கும் மரம் இது. பின்னால் வந்த சட்டச் சிக்கல்கள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வந்தன.

சந்தன வணிகம் பழசு. மேற்கு மலையில் விளைந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்கு வந்து இறங்கியதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. ஆனால் அரசின் ஏகபோகமாக அது மாறிய காலத்தைச் சொல்ல வேண்டுமானால் திப்பு சுல்தானிடம்தான் போக வேண்டும். 1792இல் அவர் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அந்த வருடம்தான் ஆங்கிலேயரிடம் போரில் தோற்று, நாட்டில் பாதியைக் கொடுத்து, பெரும் இழப்பீட்டுத் தொகையும் கட்ட வேண்டி வந்தது. பணத்துக்கு வழி தேடிய அரசுக்கு மிளகு, ஏலம், சந்தனம் மூன்றும் தங்கம் மாதிரி. மஸ்கட்டில் சொந்தமாக வணிகக் கிடங்கு வைத்து அவற்றை விற்றவர் திப்பு. 1799இல் அவர் வீழ்ந்த பிறகு வந்த மைசூர் மகாராஜாக்களும், 1831 முதல் 1881 வரை நேரடியாக ஆண்ட ஆங்கிலேய ஆணையர்களும், அந்த விதியை மட்டும் கைவிடவே இல்லை. ஆட்சி மாறியது, மரத்தின் சொந்தக்காரர் மாறவில்லை.

1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் மைசூர் வட்டாரத்தைச் சுற்றிவந்து எழுதிய குறிப்பில், கட்டையைப் பக்குவம் செய்யும் முறை ஒன்று வருகிறது. தேய்பிறையில் மரத்தை வெட்டி, உடனே பட்டையை உரித்து, இரண்டடித் துண்டுகளாக அறுத்து, காய்ந்த மண்ணில் இரண்டு மாதம் புதைத்து வைப்பார்கள். கறையான் வந்து வெளிறு எனப்படும் வாசனையில்லாத வெளிக்கட்டை முழுவதையும் தின்றுவிடும். வைரம் எனப்படும் உள்கட்டையைத் தொடாது. தோண்டி எடுத்தால் வாசனை உள்ள வைரக்கட்டை மட்டும் கையில் வரும். கூலி இல்லாத வேலையாளாகக் கறையானைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் வனத்துறை வந்ததும் இந்த வேலை கிடங்குக்கு மாறியது. சந்தனத்தை மற்ற மரம் போல அடியோடு அறுப்பதில்லை. வேரோடு தோண்டித்தான் எடுப்பார்கள், காரணம் எண்ணெய் அதிகம் உள்ள பகுதி வேர்தான். பெரும்பாலும் பட்டுப்போன, பட்டுப்போகும் நிலையில் உள்ள மரங்களைத்தான் எடுத்தார்கள். எண் போட்டு, கிடங்குக்குக் கொண்டுவந்து, வாச்சியால் வெளிறைச் செதுக்கிப் போட்டு, துண்டு போட்டுத் தரம் பிரிப்பார்கள். மொத்தம் 18 தரம். முதல் தரம் விலாயத்து புத்: ஓட்டை உடைசல் இல்லாத கட்டை, ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஒரு டன்னில் 112 கட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்தது நாலரை கிலோவுக்குக் குறையாத சைனா புத். அதற்கு அடுத்தது பஞ்சாம். பிறகு விரிசல் கட்டை, பொந்து விழுந்த கட்டை, வேர், சிம்பு, சீவல் என்று இறங்கி இறங்கி, கடைசியில் ரம்பத்தூளும் ஒரு தரம். தூளைக்கூடக் கூட்டி அள்ளி நிறுத்து, முத்திரை வைத்து, ஏலம் விட்ட ஒரே மரம் இந்த நாட்டில் இதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளில் நடந்த ஏலத்துக்கு மும்பையிலிருந்தும் அத்தர் வடிக்கும் வடநாட்டு ஊரான கன்னோசியிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அந்த ஏல நாட்களைத் திருவிழா மாதிரிச் சொல்வார்கள்.

இந்த ஏகபோகத்தைத் திட்டுவதற்கு முன்னால் அதன் நல்ல பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகளிலும் சந்தனத்தின் உறவு மரங்கள் இருந்தன. சீனாவுக்கு ஏற்றுமதி செய்ய 1810 வாக்கில் வெட்டத் தொடங்கினார்கள். அரசரும் குறுநிலத் தலைவர்களும் அமெரிக்கக் கப்பல்காரர்களிடம் பட்டும் பாத்திரமும் கப்பலும் கடனுக்கு வாங்கி, அந்தக் கடனைத் தீர்க்க மக்களை வயலிலிருந்து இழுத்து மலைக்கு அனுப்பினார்கள். 1830களுக்குள் வெட்ட மரம் இல்லை, கடன் மட்டும் மிஞ்சியது. பசிபிக்கில் பிஜி முதலிய பல தீவுகளில் இதே கதைதான். மைசூரில் அப்படி நடக்காததற்குக் காரணம், வருடத்துக்கு இவ்வளவுதான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு கை இருந்ததுதான். அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மைசூர்ச் சந்தனம் முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

ஆனால் 1914 வரை மைசூர் செய்தது கட்டை வியாபாரம் மட்டும்தான். கட்டை ஏலத்தில் போகும், கப்பல் ஏறும், எண்ணெய் ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், எடுக்கப்படும். லாபத்தில் கொழுத்த பகுதி அங்கே. அன்றைக்கு அந்த எண்ணெய் வாசனைக்கு மட்டும் போகவில்லை. பெனிசிலின் வருவதற்கு முந்தைய காலம் அது. மேகவெட்டை என்ற பால்வினை நோய்க்குச் சந்தன எண்ணெயைக் குளிகையில் அடைத்து ஐரோப்பிய டாக்டர்கள் கொடுத்துவந்தார்கள். முதல் உலகப் போர் வெடித்ததும் கப்பலும் இல்லை, ஜெர்மன் வாங்குபவர்களும் இல்லை. ஏலத்தில் கேட்பாரில்லாமல் கட்டை கிடங்கில் குவிந்தது. மைசூர் அரசின் வன வருமானத்தில் பெரிய பங்கு ஒரே அடியில் நின்றுபோனது.

அப்போது திவானாக இருந்தவர் விஸ்வேஸ்வரய்யா. தொழில்துறை இயக்குநர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த அதே சாட்டர்டன்தான். அவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியல் பேராசிரியர்களான சட்பரோ, வாட்சன் இருவரையும் பிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வடித்துப் பார்த்து, தரம் சரியாக வந்ததும், 1916இல் பெங்களூரில் அரசு எண்ணெய் ஆலை, 1917இல் மைசூரில் அதைவிடப் பெரிய ஆலை. பிறகு 1944இல் ஷிமோகாவில் இன்னொன்று. போர் முடிந்தபோது கட்டையை விற்றுக்கொண்டிருந்த சமஸ்தானம் எண்ணெயை விற்கும் சமஸ்தானமாக மாறியிருந்தது. உலக வாசனைத் திரவியக்காரர்கள் தரத்துக்கு அளவுகோலாக மைசூர் எண்ணெயைச் சொல்ல ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். மூலப்பொருளை வைத்திருப்பவனே அதைச் சரக்காக்கி விற்பது என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதை அன்றைக்கே செய்து காட்டியவர்கள் இவர்கள். ஆய்வுக்கூடமும் அரசும் காடும் ஒரே ஊரில் கைகோத்த அந்த இரண்டு மூன்று வருடங்கள்தான் இந்தத் தொழிலின் உச்சம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் எடுக்கும் வேலையை ஒரு முறை உன்னிப்பாகப் பார்த்தால், ஒரு மரம் எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்பது புரியும். வைரக்கட்டையைச் சீவி, அரைத்துத் தூளாக்கி, ஊறவைத்து, நீராவி செலுத்தி வடிப்பார்கள். அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது. இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் ஆவி ஓட வேண்டும். முதலில் வருவதைவிடக் கடைசியில் மெதுவாக வருவதிலும் நல்ல சரக்கு இருக்கும். நல்ல கட்டை 100 கிலோ போட்டால் ஐந்து கிலோ அளவில் எண்ணெய் தேறும். வேரில் இன்னும் கூட. அதில் 90 சதவீதம் சான்டலால் என்ற வாசனைப் பொருள் இருந்தால்தான் முதல் தரம். எண்ணெய் போன பிறகும் தூளில் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தத் தூள் மைசூர், பெங்களூர் ஊதுபத்திக்காரர்களிடம் போனது. ஊதுபத்தி உருட்டுவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் பெண்கள் செய்த வேலை. முழுக் கட்டை ஷிமோகா மாவட்டத்துச் சாகர், சொரபா ஊர்களின் குடிகார் (Gudigar) என்ற வகுப்புக் குடும்பங்களுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகச் சந்தனத்தில் சிற்பமும் பெட்டியும் செதுக்கும் வகுப்பார் அவர்கள். நம் கள்ளக்குறிச்சிச் சிற்பிகளும் அப்படித்தான். எண்ணெயில் ஒரு பெரும் பங்கு உத்தரப் பிரதேசத்துக் கன்னோசிக்குப் போனது. அங்கே ரோஜா, தாழம்பூ, மல்லிகை அத்தரை வடிப்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் பிடித்துவைப்பார்கள். மும்பையிலும் உத்வாடாவிலும் பார்சிகளின் நெருப்புக் கோயில்களுக்குக் கட்டை வேண்டும். கோயிலுக்கு அரைக்க, பிணத்துக்கு வைக்க, சித்த மருந்துக்கு என்று உள்ளூர்த் தேவை தனி.

சோப்புக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1916 வாக்கில் அரசு சோப்பு ஆலை பெங்களூரில் தொடங்கியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலம். எஸ். ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பி வாசனைக் கலை படிக்கவைத்தார்கள். அவர் திரும்பிவந்து சந்தன எண்ணெயில் சோப்பு செய்தார். யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் முத்திரை. 1980இல் எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலையும் ஒரே அரசு நிறுவனமாக்கப்பட்டன. மைசூர்ச் சந்தன எண்ணெய்க்கும் சோப்புக்கும் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இனி சரிவு. முதல் அடி நோய். 1899இல் குடகில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பைக் நோய் வந்தால் இலைகள் சிறுத்துச் சிறுத்து, கிளையின் மேல் முள் போல விறைத்து நிற்கும். பூக்காது, காய்க்காது, இரண்டு மூன்று வருடத்தில் மரம் பட்டுப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடகிலும் மைசூரிலும் லட்சக்கணக்கான மரங்கள் இப்படிப் போயின. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்பது 1969க்குப் பிறகுதான் தெளிவானது. தத்துப்பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. காட்டு மரத்தைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது.

ஆனால் நோய் மட்டும் என்றால் புது மரம் முளைத்து ஈடு செய்திருக்கும். முளைத்ததை யார் விட்டுவைத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். உங்கள் வரப்பில் குயில் போட்ட விதை ஒன்று முளைக்கிறது. வளர்ந்தால் அது அரசு மரம். வனக் காவலர் வந்து எண் போட்டுவிட்டுப் போவார். அப்புறம் அது உங்கள் நிலத்தில் நின்றாலும் ஒரு கிளையை ஒடிக்க முடியாது. ராத்திரி திருடன் வந்து வெட்டிக்கொண்டு போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். மரத்தை ஒழுங்காக வளர்த்துக் கொடுத்தால் அரசு தருவது அதன் விலையில் ஒரு பங்கு, அதுவும் பல வருடம் அலைந்த பிறகு. விவரம் தெரிந்த எவனும் என்ன செய்வான்? கன்று இரண்டு விரல் கனமாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்துவிடுவான். எங்கள் பக்கத்தில் களை எடுக்கும்போது சந்தனக் கன்று தெரிந்தால், பேச்சு வெளியில் போவதற்கு முன் பிடுங்கிப் போடு என்று பெண்களிடம் சொல்வது வழக்கமாகவே இருந்தது. ஆயிரக்கணக்கான கிராமங்களில், நூறு வருடத்துக்கு மேல், இதே காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருந்தது. கள்ளக் கடத்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அழிவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விலைமதிப்பு மிக்க மரம் ஒன்றை அதன் பக்கத்திலேயே வாழும் ஜனங்களுக்குத் தொல்லையாக மாற்றியதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய தவறு.

காட்டுக்குள் நிலைமை வேறு விதம். அங்கே மரம் இருந்தது, ஆனால் விலை ஏறிக்கொண்டே போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டன் சில நூறு ரூபாய்க்குப் போன கட்டை, 1960களில் சில ஆயிரம், 2000 வாக்கில் பல லட்சம். மலையில் ஒரு நாள் கூலிக்கும் ஒரு சுமைக் கட்டையின் விலைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில் யானைத் தந்தத்துக்குப் பின் சந்தனத்துக்கு மாறிய வீரப்பன் அந்த இடைவெளியில் வளர்ந்தவன்தான். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் அவன் சுட்டுக்கொல்லப்பட்டபோது பத்திரிகைகள் கடத்தல் முடிந்தது என்று எழுதின. உண்மையில் அதற்கு முன்பே கடத்துவதற்குப் பெரிய மரங்கள் அதிகம் மிச்சம் இல்லை. கட்டையை வாங்கி எண்ணெயாக்கி ஏற்றுமதி செய்தவர்கள் யார் என்ற கேள்வி காட்டோடு நின்றுவிட்டது.

அந்தக் காலத்துக்கு உண்மையான விலை கொடுத்தவர்கள் மலையடிவாரத்து மக்கள். அரூர் அருகே சித்தேரி மலையடியில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், கிணற்றை நாசம் செய்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிய 19 வருடம் ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தனத் தொழிலின் வரலாறு எழுதுகிற பலர் எண்ணெய் ஆலையையும் சோப்பையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்க முடியாத ஒன்று. ஒரு மரம் முழுக்க அரசுக்குச் சொந்தம் என்றால், அதன் பக்கத்தில் வாழ்பவன் பிறக்கும்போதே சந்தேகத்துக்கு உரியவன் ஆகிவிடுகிறான். வாச்சாத்தி அந்த நினைப்பின் உச்சம்.

மரம் தீர்ந்த பிறகும் அந்தத் தொடர் நிற்கவில்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் கோடாலி வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், உள்ளூரில் வேலை இல்லை. ஏஜென்டுகள் அவர்களை ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே ஆந்திரக் காவல்துறை சுட்டதில் செத்த 20 பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிக்காரர்கள்.

உற்பத்திக் கணக்கைப் பார்த்தால் சரிவு அப்பட்டமாகத் தெரியும். 1950களில் இந்தியா வருடத்துக்குச் சுமார் 4,000 டன் வைரக்கட்டை எடுத்தது. 2000த்துக்குப் பிறகு சில நூறு டன் கிடைப்பதே பெரும்பாடு. 1998இல் சந்தனம் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. கட்டை இல்லாமல் சார்புத் தொழில்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. கன்னோசியில் பலர் சந்தன எண்ணெயை விட்டுவிட்டு மலிவான பாரஃபின் எண்ணெயில் அத்தர் இறக்கத் தொடங்கினார்கள், அதைப் பழைய ஆட்கள் அத்தர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குடிகார் வீட்டுப் பிள்ளைகள் வேறு மரத்துக்கும் வேறு வேலைக்கும் மாறினார்கள். சந்தனச் சோப்பு செய்யும் அரசு நிறுவனமே கட்டைக்கு வெளியில் கையேந்த வேண்டி வந்து, கடைசியில் விவசாயிகளிடம் சந்தனம் நடச் சொல்லித் திட்டம் போட்டது. இயற்கையான சந்தனக் காடு ஓரளவு உயிரோடு இருக்கும் இடம் என்று இன்று கேரளத்தின் மறையூரைத்தான் சொல்ல முடிகிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறினால் வரும் மழைமறைவுப் பகுதி அது. வேலி போட்டு, இரவு பகல் காவல் வைத்து, மரத்துக்கு மரம் கணக்கு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அங்கும் ஸ்பைக் நோய் புகுந்திருக்கிறது.

சட்டம் மாறியது 2001இல் கர்நாடகத்தில், 2002இல் தமிழ்நாட்டில். பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று ஆனது. திப்பு அறிவித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 200 வருடத்துக்கு மேல். ஆனால் அரைகுறை மாற்றம் இது. வளர்க்கலாம், விற்பது மட்டும் அதற்குப் பிறகும் நீண்ட காலம் அரசு வழியாகத்தான். மரம் வெட்ட, கொண்டுபோக எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். இதற்கிடையில் ஆஸ்திரேலியா என்ன செய்தது தெரியுமா? நம் சந்தனத்தையே 1990களின் பிற்பகுதியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கில் குனுனுர்ரா பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாசனம் வைத்து நட்டார்கள். அங்கும் எல்லாம் சுகமாக முடியவில்லை, முதலீட்டாளர் பணத்தில் தோட்டம் போட்ட பெரிய நிறுவனம் ஒன்று 2018இல் கடனில் மூழ்கியது. ஆனாலும் உலக வாசனைத் திரவிய நிறுவனங்கள் பல இன்று இந்தியச் சந்தன எண்ணெயை ஆஸ்திரேலியாவில் வாங்குகின்றன என்பதைக் கேட்கும்போது மனசு கனக்கிறது.

இதைப் படிப்பவர்களில் சந்தனம் நடலாமா என்று யோசிப்பவர்களும் இருப்பீர்கள். பதினைந்தே வருடத்தில் ஏக்கருக்குக் கோடிக்கணக்கில் வரும் என்று சொல்லிக் கன்று விற்பவர்களை நம்பாதீர்கள். வைரம் பிடிக்கத் தொடங்குவதே பத்து வருடத்துக்கு மேல். பதினைந்தில் கிடைக்கும் வைரம் மெலிசு, எண்ணெயும் குறைவு. நல்ல மகசூலுக்கு இருபத்தைந்து முப்பது வருடம் பொறுக்க வேண்டும். தொட்டியில் இருக்கும்போதே கன்றோடு பொன்னாங்கண்ணி, நிலத்தில் நட்ட முதல் வருடங்களில் துவரை, பிறகு நீண்ட காலத்துக்குச் சவுக்கு போன்ற துணை மரம் என்று ஒட்டிக்கொள்ள எப்போதும் ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும். வேர் அழுகும், தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. நட்டதை வருவாய்ப் பதிவேட்டிலும் வனத்துறையிடமும் முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள், பிற்பாடு வெட்டும்போது மரம் உங்களுடையது என்று காட்ட அதுதான் ஆதாரம். திருட்டுதான் பெரிய பயம். மரத்தில் வைரம் இருக்கிறதா என்று பார்க்கத் துளை போட்டுப் பார்க்கும் ஆட்கள் வருவார்கள், இளம் மரத்தையும் அறுத்துப் பார்த்துவிட்டு வெறும் வெளிறு என்று போட்டுவிட்டுப் போவார்கள். காவலுக்கு ஆள் வைக்க முடியாதவர் தனியாக ஐந்து ஏக்கர் போடுவதைவிட, பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக வரப்பில் நட்டுச் சேர்ந்து காவல் காப்பது நல்லது. கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனமும் பெங்களூர் மர அறிவியல் நிறுவனமும் சந்தனத்தில் பல வருடமாக ஆராய்ச்சி செய்பவை, கன்று வாங்குவதற்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள்.

2002க்குப் பிறகு நட்ட மரங்களில் முதல் தலைமுறை இப்போதுதான் இருபது வயதைத் தாண்டுகிறது. அவை ஏலத்துக்கு வரும்போது விவசாயிக்குப் பணம் எத்தனை மாதத்தில் கைக்கு வருகிறது, வெட்ட அனுமதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் மேற்கொண்டு நடுவார்களா, பழையபடி பிடுங்கி எறிவார்களா என்பது அதைப் பொறுத்தது. இரண்டு அரசுகளும் உடனே செய்ய வேண்டிய வேலை, விற்பனைக்கான அனுமதிகளை ஒரே இடத்தில் கொடுப்பதும் ஏலப் பணத்துக்குக் கெடு வைப்பதும்தான்.